ஆறுதான் எல்லை

ஆர்டித் ஸ்கோவ்கார்டுக்குத் தையல் இயந்திரம் போட்ட தையலைக் கண்டால் ஆகாது. பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவாள். பிழைப்பு என்னவோ துணிக்கடையில்தான். வாரம் முழுக்கப் பாலியெஸ்டரைக் கஜம் கஜமாக அளந்து வெட்டி, சிரித்த முகத்தோடு மடித்துக் கொடுப்பாள். ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கருநாரைக் கோட்டையின் வாசலில் அவள் நின்றுவிட்டால், அதே பாலியெஸ்டரை உடுத்தி வந்தவர் உள்ளே போக முடியாது. அவள் கையாலேயே வெட்டிக் கொடுத்த துணியாக இருந்தாலும் சரி.

கோட்டை என்றதும் கல்லையும் அகழியையும் நினைத்துவிட வேண்டாம். அயோவா மாநிலத்தில் கவுன்சில் பிளஃப்ஸ் ஊரின் கண்காட்சித் திடலில் பன்றிகளை வரிசையாக நிறுத்திப் பரிசு கொடுக்கிற தகரக் கொட்டகை அது. மாதம் ஒருமுறை பல் மருத்துவரும் வங்கிக் குமாஸ்தாவும் லாரி ஓட்டுநரும் எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய உடுப்பை மாட்டிக்கொண்டு அங்கே கூடுவார்கள். பிரம்பு வாளால் ஒருவரையொருவர் சாத்துவார்கள். வியர்வை காய்வதற்குள் மெழுகுவத்தி ஏற்றிக் கையால் கறி பிய்த்துத் தின்பார்கள். எவ்வளவு கழுவினாலும் பன்றி வாடை மட்டும் போகாது. அந்தக் காலத்துக் கோட்டையும் இப்படித்தான் நாறியிருக்கும் என்று ஆர்டித் சொல்லுவாள். அதில் மட்டும் அவள் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

வாசலில் அவள் நிற்கும் தோரணையைப் பார்க்க வேண்டும். குள்ளமான உருவம், இடுப்பில் சின்னக் கத்தரிக்கோல், கழுத்துவரை கையால் தைத்த கம்பளி அங்கி. புதிதாக வந்த பையன் ஒருவன் வீட்டுத் திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு வந்துவிட்டான்.

"இது ஜன்னல்லேருந்து தானா இறங்கி வந்துச்சா, இல்ல நீ கழட்டினியா?" என்றாள்.

பின்னால் நின்ற வரிசை சிரித்தது. அடுத்து தங்கள் முறை என்று தெரிந்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். ஒருமுறை கார்லிஸ் என்ற நெட்டைப் பெண், பல் மருத்துவரின் மனைவி, ஆசை ஆசையாக ஒரு கவுன் தைத்துப் போட்டு வந்தாள். ஆர்டித் அவள் கையைத் தூக்கிப் பார்த்தாள். "மெஷின் தையல்!" என்று கூவி, இடுப்புக் கத்தரிக்கோலை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் கவுனின் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை பிரித்துவிட்டாள். கார்லிஸ் வெற்றுக் கையோடு நின்று, "நன்றி, ஆர்டித். இனிமே கத்துக்கறேன்" என்றாள். கற்றுக்கொள்ளவும் செய்தாள். அன்றிலிருந்து ஆர்டித்துக்கு வலது கை அவள்தான். கார் பழுதானால் வீட்டில் கொண்டுபோய் விடுவது, விருந்துக்குச் சாமான் வாங்குவது எல்லாம் அவள் பொறுப்பு. அன்று பிரித்த கவுனை ஆர்டித் எப்போதோ மறந்துவிட்டாள்.

இத்தனை கொடுங்கோல் எதற்கு என்று கேட்டால், அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அயோவாவின் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே, ஆறு பெண் குழந்தைகளில் நான்காவதாகப் பிறந்தவள் ஆர்டித். அழகி இல்லை, படிப்பாளி இல்லை. யாரும் அவளை நின்று திரும்பிப் பார்த்ததில்லை. ரயில்வேயில் சிக்னல் பழுதுபார்க்கும் மெர்லைக் கட்டிக்கொண்டாள். குழந்தை பிறக்கவில்லை. அழ வேண்டியதை அழுது முடித்து, துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். நாற்பது வயதில், நூலகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து இந்தக் கூட்டத்துக்குப் போனவளின் முன், தகரத் தொப்பி போட்ட ஒரு வங்கிக் குமாஸ்தா மண்டியிட்டு, "அம்மணி" என்று கையில் முத்தமிட்டான். வீட்டுக்குக் கார் ஓட்டி வரும்போது வழியெல்லாம் அழுதாள். மறுபடி வெறும் ஆர்டித்தாக ஆகக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

வீடு இருந்த இடத்தையும் சொல்லிவிட வேண்டும். வில்லோ பெண்ட் என்பது மிசௌரி ஆற்றின் பழைய வளைவு ஒன்றில் இருக்கிற சின்னக் குடியிருப்பு. நூறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளத்தில் ஆறு வளைவை விட்டு நேராகப் பாய்ந்து, அயோவாவின் அந்தத் துண்டு நிலத்தை அக்கரை மாநிலமான நெப்ராஸ்கா பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டது. பழைய தடத்தில் அரைநிலா வடிவத்தில் ஓர் ஏரி மிச்சம். நிலம் அந்தப் பக்கம் போனாலும் சட்டப்படி அயோவாதான். வரி, ஓட்டு, கார் எண் எல்லாமே அயோவா. அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. "ஆறு" என்றால் அவர்களுக்கு அந்த ஏரிதான். ஏரிக்கு அப்பால் நெப்ராஸ்கா, இப்பால் அயோவா. நிஜமாக ஓடுகிற தண்ணீருக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் "மிசௌரி". அது ஏதோ சாலையில் குறுக்கிடுகிற ரயில் பாதை மாதிரி, தாண்டிப் போவதற்கு. ஆர்டித் மாதா மாதம் கோட்டைக்குப் பாலத்தில் மிசௌரியைத் தாண்டிப் போய் வந்தாள். ஆற்றைத் தாண்டுகிறோம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

இனி டுவேன் பொஸ்பிஷிலிடம் வருவோம். நெப்ராஸ்காவில், ஒமாஹா நகரின் தென்பகுதியில் இறைச்சி ஆலையில் எலும்பு அறுப்பவன். பழைய தரைக் கம்பளத்தை மார்க்கவசமாகக் கட்டி, காற்றில் விழுந்து கிடந்த சாலைப் பலகையைக் கேடயமாக வளைத்திருந்தான். கேடயத்தின் உட்பக்கம் பெரிய எழுத்தில் "நில்" என்று இருக்கும். காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. ஆர்டித் எத்தனை தடவை வாசலில் திருப்பி அனுப்பினாலும் பின்பக்கமாக வந்து மேசை நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பான். ஆளைத் துரத்தினால் மேசையை யார் தூக்குவது என்று மற்றவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

ஒருமுறை தன் மனைவி லிப்பியையும் கூட்டி வந்தான். கூச்ச சுபாவம் உள்ள பெண். பெரிய எனாமல் பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கு சாலட் செய்து, மேலே தகடு மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். ஆர்டித் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"உருளைக்கிழங்கா?"

"ஆமாங்க. முட்டையும் கடுகும் போட்டது. எங்க மாமியார் கைப்பக்குவம்."

"உருளைக்கிழங்கு கொலம்பஸ் போயிட்டு வந்தப்புறம் வந்த சாமான், அம்மா. நாங்க இன்னும் அங்க போய்ச் சேர முன்னூறு வருஷம் இருக்கு. அதுக்குள்ள கெட்டுப் போயிடுமே!"

கொட்டகை சிரித்தது. சிரிப்பு கிடைத்ததும் ஆர்டித்துக்குக் கை நிற்கவில்லை. பாத்திரத்தை வாங்கி, நாலு எட்டு நடந்து, பன்றித் தொட்டியில் கவிழ்த்து, காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். லிப்பி குழாயடியில் அதைக் கழுவினாள். "மன்னிச்சுக்குங்க, எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனவள் அப்புறம் வரவேயில்லை. ஆனால் அடுத்த மாதம் டுவேன் வந்தான், அதே வெள்ளை ஷூவோடு. அதைத்தான் ஆர்டித்தால் பொறுக்க முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் பிரிவினை வந்தது. முடியரசு என்று அவர்கள் சொல்லிக்கொள்வது ஐந்தாறு மாநிலங்களில் பரவிக் கிடந்தது. முதலில் எல்லோரும் ஒரு பூங்காவில் அடங்கினார்கள். இப்போது ஆள் பெருகிப்போய், ஒரு பதக்கம் குத்திவிட மன்னர் ராத்திரி பகலாக வேன் ஓட்ட வேண்டியிருந்தது. மன்னர் என்றால் டெ மாயின் நகரில் காப்பீடு விற்பவர், முதுகுவலிக்காரர். அவர்தான் சொன்னார், ராஜ்ஜியத்தைச் சீமைகளாகப் பிரித்துவிடலாம், சீமைக்கு ஒரு தலைவரை முடிசூட்டிவிடலாம் என்று. கருநாரைக் கோட்டை ஆட்களைக் கீழச்சீமை, மேலச்சீமை என்று இரண்டாக்குவதாக முடிவாயிற்று. கோட்டையும் கொடியும் கீழச்சீமைக்கு. மேலச்சீமைக்கு டுவேனின் கார் கொட்டகை.

வசந்தத்தில் வந்தபோது மன்னர் ஆர்டித்தைப் பார்த்துக் கண் சிமிட்டி, "கீழச்சீமைக்குச் சீமாட்டி யாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆர்டித்துக்குத் தரையில் கால் பாவவில்லை. அம்மணி என்று யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். சீமாட்டி ஒருத்திதான். அவள் வரும்போது எல்லோரும் எழ வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பச்சைக் கம்பளித் துணி எடுத்து முடிசூட்டு மேலங்கி தைக்க உட்கார்ந்தாள். முதுகில் ஒரு கருநாரை. ஊசி, நூல், இரண்டு கை, கோடைக்காலம் முழுவதும்.

எல்லையை எழுதக் கார்லிஸ் வீட்டில் ஆலோசனைக் கூட்டம் கூடியது. கட்டியக்காரர் ஹோபார்ட், பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக் கொடுப்பவர், வரைவை வாசித்தார். அயோவா கீழச்சீமை, நெப்ராஸ்கா மேலச்சீமை, மாநில எல்லையே எல்லை என்று இருந்தது.

ஆர்டித் கோப்பையை டக்கென்று வைத்தாள். "ஆயிரத்து நூத்தி எண்பதுல அயோவா எங்க இருந்துச்சு, ஹோபார்ட்?"

"இல்லதான்…"

"மாநில எல்லையாம்! கார் நம்பர் வாங்கற ஆபீஸ்ல பேசற பேச்சு. அந்தக் காலத்துல ராஜ்ஜியத்தை ராஜ்ஜியத்துலேருந்து எது பிரிச்சுச்சு? ஆறு. ஆறுன்னு எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுன்னா ஆறுன்னே எழுத வேண்டியதுதானே? கை வலிக்குதா?"

ஹோபார்ட் தாடியைச் சொறிந்தார். கார்லிஸ் எழுந்து எல்லோருக்கும் காபி ஊற்றினாள். "ஆறுன்னே இருக்கட்டும், ஹோபார்ட். ஆர்டித் எதையும் யோசிக்காம சொல்ல மாட்டாங்க" என்றாள். வில்லோ பெண்டுக்குப் பாலம் தாண்டி எத்தனையோ தடவை கார் ஓட்டியவள் அவள். ஊற்றி முடித்துத் தன் கோப்பையைத் தூக்கி, வாயை அதற்குள் மறைத்துக்கொண்டாள்.

ஆர்டித்தின் கவலை வேறு. டுவேன் எல்லைக்கு அப்பால் போய்விடுவான், சரி. ஆனால் முடியரசில் ஒரு பழைய வழக்கம் உண்டு. எல்லைக்கு அப்பால் விழுந்தவன் சபையில் எழுந்து, "மண் அந்தப் பக்கம், மனசு இந்தப் பக்கம், கைகொடுப்பார் உண்டா?" என்று கேட்கலாம். கட்டியக்காரர் கோலை மூன்று முறை தட்டுவதற்குள் இந்தப் பக்கத்தார் ஒரே ஒருவர் எழுந்து கை கொடுத்தால் போதும், அவன் இங்கேயே இருக்கலாம். டுவேன் கேட்பான். மேசை தூக்க ஆள் வேண்டுமே என்று எவனாவது எழுந்தும் விடுவான்.

ஆகவே ஆர்டித் ஆள் ஆளாகப் பிடித்தாள். துணிக்கடைக்கு வந்தவர்களை மேசையோடு நிறுத்தி, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள். ஹோபார்ட் மட்டும் கொஞ்சம் நெளிந்தார்.

"ஒரு ஆளைக் குறி வெச்சு அடிக்கற மாதிரி இருக்கே, ஆர்டித். பாவம்."

அதற்கும் கார்லிஸ்தான் வழி சொன்னாள். "பேரே சொல்ல வேணாம். 'யார் கேட்டாலும் எழ மாட்டோம்'னு பொதுவா வாள் மேல சத்தியம் வாங்கிடுங்க. அப்போ யாரும் குத்தம் சொல்ல முடியாது."

"உன் மூளையே மூளை!" என்று ஆர்டித் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். அடுத்த கூட்டத்தில், டுவேனுக்கு ஆலையில் வேலை இருந்த நாளாகப் பார்த்து, ஒவ்வொருவராக வந்து வாளின் பிடியில் கை வைத்தார்கள். யார் கேட்டாலும். ஆர்டித் பக்கத்தில் நின்று, முணுமுணுத்தவர்களை உரக்கச் சொல்ல வைத்தாள். கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். இவள் நினைத்ததோடு நிற்காமல் சாட்சியும் சேர்த்து வைத்தாள்.

செப்டம்பரில் அந்தச் சனிக்கிழமை வந்தது. பன்றிக் கொட்டகையில் கொடிகள் தொங்கின. மன்னர் முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். மேலங்கி மடித்து ஆர்டித்தின் பெட்டியில் இருந்தது. அவள் வலப்பக்கம், கீழச்சீமையின் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கம் மேலச்சீமைக்குப் போகிற நாலைந்து பேர்.

ஹோபார்ட் சாசனத்தை வாசித்தார். "ஆறே எல்லை" என்ற இடத்தில் ஆர்டித் தலையை ஆட்டினாள். பிறகு பெயர்கள். டுவேன் பொஸ்பிஷில் என்றதும் அவன் எழுந்து நடுவில் வந்தான். கம்பளக் கவசம், வெள்ளை ஷூ. கண்ணாடியை எலாஸ்டிக் போட்டுத் தலையோடு கட்டியிருந்தான்.

"மண் அந்தப் பக்கம், மனசு இந்தப் பக்கம்," என்றான். மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். "கைகொடுப்பார் உண்டா?"

கோல் தட்டியது. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவன் தூக்கிப் போட்ட மேசைகளுக்குப் பின்னால், அவன் விரித்த நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் தட்டு. யாரோ இருமினார்கள். மூன்றாம் தட்டு.

"சரி," என்றான் டுவேன். தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு இடப்பக்கம் போனான். ஆர்டித்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

"வில்லோ பெண்ட், ஆர்டித் ஸ்கோவ்கார்ட்," என்று வாசித்தார் ஹோபார்ட்.

அவள் சிரித்தாள். "கண்ணாடியைத் தொடைங்க, ஹோபார்ட். நான் அயோவா."

"அயோவாதான், அம்மணி." ஹோபார்ட் காகிதத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "ஆனா எல்லை மாநிலம் இல்லையே. ஆறு."

"ஆத்துக்கு இந்தப் பக்கம்தானே நான் இருக்கேன்! எங்க வீட்டுக்கு அந்தாண்டதான் ஆறு…" என்று கையை நீட்டியவள், நீட்டிய கையோடு நின்றுவிட்டாள்.

மன்னருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. நல்ல மனுஷன், புரிந்துகொள்ளத்தான் கேட்டார். "காலைல எது வழியா வந்தீங்க, அம்மணி?"

"பாலம் வழியா."

"பாலத்துக்குக் கீழ என்ன இருந்துச்சு?"

"மிசௌரி."

"மிசௌரின்னா ஆறுதானே, அம்மணி?"

முதலில் பல் மருத்துவர்தான் சிரித்தார். அப்புறம் கொட்டகை முழுக்கச் சிரித்தது. பன்னிரண்டு வருஷமாக வாசலில் வரிசையில் நின்று அடக்கி வைத்த சிரிப்பு அது. திரைச்சீலைப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஆர்டித்துக்குக் காது இரண்டும் எரிந்தன. மாநில எல்லை என்று எழுதியிருந்ததை அடித்து ஆறு என்று எழுத வைத்தது தன் நாக்குதான் என்பது மெதுவாக உறைத்தது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. இருந்தாலும் அவள் கலங்கவில்லை. வழக்கம் இருக்கிறதே! நடுவில் வந்து நின்றாள். அங்கியை இழுத்துச் சரிசெய்தாள்.

"மண் அந்தப் பக்கம், மனசு இந்தப் பக்கம். கைகொடுப்பார் உண்டா?"

கோல் தட்டியது. யாரும் அசையவில்லை. அப்போதும் அவளுக்கு நினைவு வரவில்லை. விளையாடுகிறார்கள் என்றே எண்ணினாள். பின் வரிசையில் யாரோ பக்கத்தில் இருப்பவரிடம், "யார் கேட்டாலும்னு சத்தியம் பண்ணியிருக்கோமே" என்று சொன்னது காதில் விழுந்தது. இரண்டாம் தட்டு. அவள் கார்லிஸைப் பார்த்தாள். கார்லிஸ் எழுந்தாள்! ஆர்டித்தின் கை தானாக நீண்டது. கார்லிஸ் பாவாடை மடிப்பை நீவிவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள்.

"கார்லிஸ்!"

"உங்க சத்தியமாச்சே, ஆர்டித்," என்றாள் கார்லிஸ் மிருதுவாக. "மீறினா நீங்கதான் முதல்ல எங்களைச் சும்மா விட மாட்டீங்க."

மூன்றாம் தட்டு விழுந்தது.

இரண்டு பக்கமும் இல்லாதவர் முடியரசிலேயே இல்லாதவர். ஆகவே மன்னர் இடப்பக்கம் திரும்பி, "மேலச்சீமை ஏத்துக்குதா?" என்று கேட்டார். அங்கே தலைவன் என்று யாரும் இல்லை. நாலு பேரும் டுவேனைப் பார்த்தார்கள். அவன் அவசரப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி, கம்பளத்தில் துடைத்து, மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"ஏத்துக்கறோம், மன்னா. எங்க பக்கம் ஆள் கம்மி. பாத்திரம் கழுவ ஆள் வேணும்."

கொட்டகை அதிர்ந்தது. டுவேன் சொன்ன ஒன்றுக்கு அத்தனை பேர் சிரித்தது அதுதான் முதல்முறை. அவன் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். ஆர்டித் நடந்து போய் அதில் உட்கார்ந்தாள். வேறு எங்கே போவாள்?

கீழச்சீமைக்குச் சீமாட்டி வேண்டுமே. மன்னர் குழம்பிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். பல் மருத்துவர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். கார்லிஸின் பெயர் கூவப்பட்டது. எல்லோரும் எழுந்தார்கள். சத்தியம் இதற்குத் தடையில்லை.

"மேலங்கி?" என்றார் மன்னர். "மேலங்கி இருக்கறதா சொன்னாங்களே?"

எல்லாக் கண்ணும் ஆர்டித்தின் பெட்டிமேல் போயிற்று. அவளே திறந்து எடுத்துக் கொடுத்தாள். பச்சைக் கம்பளி விரிந்தது. கருநாரை இறக்கை விரித்தது. அது அழகான வேலை என்பதில் அவள் எதிரிக்கும் சந்தேகம் வராது. கார்லிஸ் தோளில் போட்டுக்கொண்டாள். குள்ளச்சிக்குத் தைத்தது, நெட்டைச்சிக்கு முழங்கால்வரைதான் வந்தது.

"குட்டையா இருக்கே," என்றாள் கார்லிஸ். "ஆர்டித், விளிம்பு பிரிச்சுவிட முடியுமா? மன்னர் காத்துக்கிட்டு இருக்கார்."

நல்ல தையல்காரி விளிம்பில் தாராளமாக மடித்துவிட்டுத்தான் தைப்பாள். முடியாது என்று ஆர்டித்தால் பொய் சொல்ல முடியவில்லை; தையல் விஷயத்தில் அவளுக்குப் பொய் வராது. மண்டியிட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் யாரோ தன் முன்னால் மண்டியிட்ட அதே கொட்டகையில், இடுப்புக் கத்தரிக்கோலை எடுத்து, தன் கோடைக்காலத்தைத் தையல் தையலாகப் பிரித்தாள். நூல் லேசில் விடவில்லை.

மேலேயிருந்து கார்லிஸ் குனிந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"கைத்தையல் பிரிக்க நேரமாகுதில்ல? மெஷின் தையல்னா சர்ருனு வந்துடும். நீங்க என் கவுன் கையைப் பிரிச்சப்போ பார்த்தேன்."

ஆர்டித் நிமிர்ந்து பார்த்தாள். எந்தக் கை, எப்போது என்று அவளுக்கு உண்மையிலேயே நினைவில்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது. கார்லிஸுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "சீக்கிரம்," என்றாள் வறட்டுக் குரலில்.

சாயங்காலம் பாலத்தில் வரும்போது ஆர்டித் முதல் தடவையாகக் கீழே பார்த்தாள். பழுப்பு நிறத்தில், அகலமாக, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாதிரிதான் இருந்தது.

வீட்டில் மெர்ல் நெப்ராஸ்கா அணி ஆடும் அமெரிக்கக் கால்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அணியின் சிவப்புச் சட்டை, சிவப்புத் தொப்பி. அயோவாவில் வரி கட்டிக்கொண்டு நெப்ராஸ்காவுக்குக் கைதட்டுகிறவன் என்று அவளே அவனை எத்தனையோ தடவை குத்தியிருக்கிறாள்.

"என்னாச்சு, கோட்டையப் புடிச்சியா?" என்றான் திரும்பாமல்.

"மேலச்சீமைல போட்டுட்டாங்க."

"அது எது?"

"நெப்ராஸ்கா."

மெர்ல் திரும்பினான். அவள் சொன்னது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "முப்பது வருஷமா சொல்றேன், நாம இந்தப் பக்கம்னு! கடைசில உங்க ராஜாவுக்காவது கண்ணு தெரிஞ்சுதே! என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்ல?"

கேட்டதில்லைதான். பன்னிரண்டு வருஷத்தில் கோட்டையைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாலியெஸ்டர் சட்டைக்காரனிடம் என்ன கேட்பது? அவள் அங்கியோடு சோபாவில் உட்கார்ந்தாள். மெர்ல் இன்னொரு தடவை பார்த்தான்.

"ஏய். அழறியா?"

"இல்ல."

அவன் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான். அதற்குள் நெப்ராஸ்காக்காரன் ஒருவன் பந்தோடு ஓடி எல்லைக் கோட்டைத் தொட்டுவிட, மெர்ல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்து, மறந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டினான்.

இனி போவதில்லை என்று முடிவு செய்தாள். கீழச்சீமையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. துணிக்கடைக்கும் அவர்கள் வரவில்லை; ஊருக்குள் இன்னொரு கடை இருந்தது. திரைச்சீலைப் பையன் வாசலில் நிற்கிறானாம், யாரையும் திருப்பி அனுப்புவதில்லையாம் என்று கேள்விப்பட்டாள். பாலியெஸ்டரை அளந்தாள், வெட்டினாள், மடித்தாள். கடையில் அவளை யாரும் அம்மணி என்று கூப்பிடவில்லை. "ஏம்மா, இது எவ்வளவு?" என்றுதான் கேட்டார்கள்.

அக்டோபரில் ஒருநாள் தொலைபேசி அடித்தது.

"நான் லிப்பி பேசறேன். டுவேன் வீட்டுக்காரி. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"வர்ற சனிக்கிழமை எங்க கார் கொட்டகைல விருந்து. நீங்க மேலச்சீமை ஆளாச்சே, கூப்பிடணும்னு டுவேன் சொன்னார். ஆளுக்கு ஒண்ணு கொண்டு வரணும்."

ஆர்டித் தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றினாள். வர முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். சனிக்கிழமை மெர்லுக்கு ஆட்டம் இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும் இருந்தது.

"என்ன கொண்டு வரணும்?"

"உங்க பேருக்கு நேரா உருளைக்கிழங்கு சாலட்னு எழுதியிருக்கேன்," என்றாள் லிப்பி. குரலில் கோபம் இல்லை. ரொம்ப நாளாக எழுதி வைத்திருந்த வரியை வாசிப்பதுபோல் நிதானமாகச் சொன்னாள். "முட்டையும் கடுகும் போட்டு. செய்யத் தெரியுமில்ல? மிச்சம் வந்தா கவலைப்படாதீங்க, எங்க பக்கத்துல பன்னித் தொட்டி கிடையாது."

கம்பி விரலை இறுக்கியது. சமையலறையிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும். மதிய வெயிலில் அது அசையாமல் கிடந்தது.

"எத்தனை பேருக்கு?" என்றாள் ஆர்டித்.